ஓலைக்குடாவில் மிச்சமிருந்த ஒரு ஷாட்

சினிமா வரலாற்றிலேயே மிக நீண்ட இடைவேளை விட்ட கதாநாயகன் அடியேன்தான். முப்பத்தெட்டு வருடம். முதல் பாதியில் நடித்தபோது என் இடுப்பு இருபத்தெட்டு அங்குலம். இரண்டாம் பாதிக்கு அழைப்பு வந்தபோது அதைச் சுற்றிவர டவுன் பஸ் விட வேண்டும் என்கிற நிலைமை. போன மாசிக் கடைசியில் நான் ராமேசுவரம் தீவுக்குப் போனது இந்த இரண்டாம் பாதிக்காகத்தான். கோயிலையும் தீர்த்தங்களையும் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். டிஜிட்டல் கேமராவைத் தூக்கிக்கொண்டு, பழைய பிலிம் மாதிரி படம் எடுக்க அந்தக் கரைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கதை சின்னது. ராமநாதபுரத்தில் என்னோடு கல்லூரியில் படித்தவன் சேவியர், ஓலைக்குடா மீனவர் வீட்டுப் பிள்ளை. சென்னையில் யாரோ விளம்பரப் படம் எடுத்து மிச்சம் வைத்த பதினாறு எம்.எம். பிலிம் துண்டுகளை வாங்கி வந்து, என்னைக் கதாநாயகனாகப் போட்டு எட்டு நிமிடப் படம் எடுத்தான். ஒருவன் விடிகாலையில் வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போகிறான். கரையிலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவன் திரும்பி வருகிறான். இவ்வளவுதான். அவளைக் காட்டவே மாட்டான். அவள் பார்ப்பதை மட்டும்தான் காட்டுவான். கடைசியாக, நான் திரும்பி வரும் ஷாட்டுக்கு முன்னால் பிலிம் தீர்ந்துவிட்டது. முடியாத படத்தை ஒருத்தருக்கும் காட்ட மாட்டேன் என்று டப்பாவைப் பீரோவில் வைத்தான். கட்டிய பெண்டாட்டிக்குக்கூடக் காட்டவில்லை.

அவன் மகள் ஜெனி கல்யாண வீடியோ எடுக்கிறவள். அவனிடம் கெஞ்சி அந்த பிலிமை வாங்கி, சென்னையில் கொடுத்து கம்ப்யூட்டருக்கு மாற்றி வாங்கியவளும் அவள்தான். “விட்டுப்போன ஷாட்டை நான் டிஜிட்டல்ல எடுத்து ஒட்டித் தாரேன்ப்பா” என்றாள். சேவியர் ஒரே நிபந்தனை போட்டான்: “ஒட்டு தெரிஞ்சா டப்பா மறுபடி பீரோவுக்குப் போயிரும். அதோட இந்தப் பேச்சு முடிஞ்சுச்சு.”

நான் இருப்பது நயினார்கோவில் பக்கம். பரமக்குடிக்கு வந்து காலை எட்டு மணி வாக்கில் மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் பாசஞ்சரைப் பிடித்தேன். டிக்கெட் முப்பது ரூபாய்க்குள்தான். பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஏறியதும் வலப்பக்கக் கடலும் இடப்பக்கக் கடலும் எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்தன. எதிரே இருந்த அம்மா அதைக் கவனிக்காமல் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். ராமேசுவரம் ஸ்டேஷனிலிருந்து ஓலைக்குடா சுமார் நாலு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார்.

“நான் சினிமா நடிகன் தம்பி, பார்த்துச் சொல்லுங்க.”

“அப்ப இருநூத்தம்பது குடுங்க சார்.”

இருநூறே கொடுத்தேன்.

தனுஷ்கோடியில் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அங்கே சாயங்காலமானால் எல்லாரையும் கிளப்பி அனுப்பிவிடுகிறார்கள், விடியும் முன் உள்ளே விடுவதுமில்லை. நமக்கு வேண்டிய சாய்ந்த வெயில் வரும் நேரத்தில் நாம் சோதனைச் சாவடிக்கு வெளியே நின்று சுண்டல் தின்றுகொண்டிருப்போம். தவிர, எங்கள் படம் பிறந்த கரை ஓலைக்குடா. தட்டில் ஊற்றிய மாதிரி அலையில்லாத கடல்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெனி கரையில் சும்மா இரண்டு ஷாட் எடுத்து, லேப்டாப்பில் அதற்கு ‘பிலிம் லுக்’ போட்டுக் காட்டினாள். மஞ்சள் நிறம், நடுக்கம், மேலிருந்து கீழாகக் கோடு கோடாய்க் கீறல், ஓரத்தில் நெளிகிற ஒரு முடி. எனக்கு ஒரே ஆனந்தம். சேவியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தான்.

“ஏம்மா, இந்த முடி யாரோடது?”

“அது எஃபெக்ட்ப்பா. பழைய பிலிம்னா அப்படித்தானே இருக்கும்?”

“யாரு சொன்னா? போர்வைக்குள்ள உக்காந்து, மூச்ச அடக்கிக்கிட்டு பிலிம் மாத்துனவன் நான். தூசி படக் கூடாதுன்னு ஷூட்டிங் நடந்த நாலு நாளும் தலைகூடச் சீவல. நீ காசு குடுத்து அழுக்கு வாங்கிப் போட்டுருக்க!”

“கோவப்படாதீங்கப்பா. அப்ப எது பிலிம்? நீங்களே காட்டுங்க.”

பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அப்பனும் மகளும் சண்டை போட்டே பாடம் படித்தார்கள். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். பிலிமில் என் வெள்ளைச் சட்டை வெயிலில் பளீரென்று இருந்தாலும் மடிப்புகள் தெரிகின்றன. டிஜிட்டலில் அதே வெள்ளை, சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடுகிறது. ஆகவே வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்க வேண்டும். செகண்டுக்கு இருபத்து நாலு படம். ஷட்டர் திறந்திருப்பது செகண்டில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, இல்லாவிட்டால் ஐம்பதில் ஒரு பங்கு. அப்போதுதான் வீசுகிற கை லேசாகக் கலங்கித் தெரியும். கேமரா தானாகப் படத்தைக் கூர்மையாக்குகிற வேலையை நிறுத்திவிட வேண்டும். பிலிமில் பொடிப்பொடியாகத் தெரியும் ‘கிரெயின்’ என்கிற மணித் துகளைக் கடைசியில், கறிக்கு உப்புப் போடுகிற அளவில் தூவினால் போதும். கீறல் கிடையவே கிடையாது.

அப்படியும் ஜெனியின் படம் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு நின்றது. அவள் உள்ளே போய் ஒரு வெள்ளை நெட் துணியோடு வந்தாள். சின்ன வயதில் சர்ச்சில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியபோது அவள் தலையில் போட்ட முக்காடு. அதை ஒற்றையாக லென்சுக்கு முன்னால் இழுத்துக் கட்டினாள். கூர் மழுங்கி, வெளிச்சத்தின் ஓரம் பால் மாதிரி கசிந்தது. சேவியர் “ம்” என்றான். அவன் வாயில் அது பத்மஸ்ரீ விருது.

அடுப்படியிலிருந்து சேவியரின் மனைவி ஆரோக்கியம் குரல் கொடுத்தார்: “அதுல கத்திரி பட்டுச்சு, அப்பனையும் மகளையும் வள்ளத்துல ஏத்தி விட்டுருவேன். கோயில்ல நாளைக்கு ஏழரைக்குப் பூசை. அதுக்குள்ள நெட்டு வீட்டுக்கு வந்துரணும், நான் அதத்தான் போட்டுக்கிட்டுப் போகணும்.”

ஞாயிறு அங்கே கடலுக்குப் போகாத நாள். அதனால்தான் வள்ளம் கிடைத்தது, அதுவும் பூசை மணி அடிக்கும்வரை மட்டும். ஆறு மணிக்கே போய்விட்டோம். வயது தெரியக் கூடாது என்பதற்காக, அவள் பார்ப்பதை மட்டும் காட்டுகிற விதியையும் தளர்த்திப் போட்ட திட்டம் இது: கேமரா வள்ளத்தில் இருக்கும்; நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு கரைக்கு நடப்பேன். நடந்தேன். முதல் டேக்கில் சிங்கம், இரண்டாவதில் யானை, மூன்றாவதில் சோழர் படைத்தளபதி. டிஜிட்டலில் பிலிம் தீராது என்ற தைரியத்தில் ஏழாவது டேக்குக்குள் மூன்று பேரரசுகளைப் பிடித்துவிட்டேன்.

ஜெனி அதை லேப்டாப்பில் பழையதோடு சேர்த்து ஓட்டினாள். சேவியர் இரண்டு தடவை பார்த்தான்.

“தண்ணி ஒட்டுது. வானம் ஒட்டுது. சட்டகூட ஒட்டுது.” நிறுத்தினான். “ஆளு ஒட்டல.”

“கம்ப்யூட்டர்ல மாமாவ ஒல்லியாக்கிரலாம்ப்பா. ஒரு வாரம் குடுங்க.”

“எப்படி? இவன் முதுக ஒல்லியாக்குனா பின்னாடி இருக்கிற தென்ன மரமும் சேந்துல்ல வளையும்?”

நான் வேட்டியைப் பிழிந்துகொண்டு நின்றேன். அவன் லேப்டாப்பை மூடிய விதத்தைப் பார்த்ததும், பீரோக் கதவு சாத்துகிற சத்தமே எனக்குக் கேட்டுவிட்டது. முதல் மணி அடிக்க அதிக நேரமில்லை. வள்ளத்துக்காரரும் கரையில் குளித்து முடித்து, பூசைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு நின்றார்.

சேவியர் என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தான். நாற்பது வருடச் சிநேகத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“ஏலே முத்து, நீ அன்னைக்கே திரும்பி வரலடா.”

“என்னடா சொல்ற?”

“அன்னைக்குப் போனவன் இப்பத்தான் வார. நாம எதுக்குடா முதுகக் காட்டிக்கிட்டு ஒளியணும்? ஜெனி, கேமராவக் கரைக்குக் கொண்டா. மூஞ்சியப் பாத்து எடு.”

“அப்படின்னா நெட்டு, இருபத்து நாலு எதுவும் வேண்டாமேப்பா? இப்ப நடக்குற கதைதானே, பளிச்சுன்னே விட்டுரலாம்.”

“நெட்டக் கழட்டாத. மாறுனது இவன்தான். பாக்குறவ கண்ணு அதே கண்ணுதான்.”

ஜெனி கேமராவைக் கரையில், மணலை ஒட்டித் தாழ வைத்தாள். வந்தது புதுச் சங்கடம். சூரியன் நேராக லென்சுக்குள் நின்றது. பிலிம் தாங்கியிருக்கும், டிஜிட்டலில் வானம் மொத்தமும் வெந்த சோறாக வெளுத்தது. கடல் பக்கம் மறைக்க மரமில்லை; வள்ளமோ தாழ்ந்து கிடந்தது. சேவியர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆம், வாசகர்களே. ஒரு முழுச் சூரியனை ஒளித்துவைக்கும் வசதி அந்தக் கரையில் ஒருவரிடம்தான் இருந்தது. “கேமராவையே பாத்து நேரா வா. சூரியன் உன் வயித்துக்குப் பின்னாடிதான் இருக்கணும்” என்றான். இருபத்தெட்டு அங்குலக் கதாநாயகனால் இது முடிந்திருக்குமா?

ஒரே டேக். கடல்பாசி வழுக்கியதால் நடிக்கவே நேரமில்லை. விழாமல் வருவதே பெரிய காரியமாக இருந்தது. நான் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது மணி அடித்தது. ஜெனி நெட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடினாள்.

பூசை முடிந்து, பாறை மீன் குழம்போடு சோறு தின்றுவிட்டு, டிவியில் இணைத்துப் பார்த்தோம். ஆரோக்கியத்துக்கு அதுதான் முதல் தடவை. இளைஞன் வள்ளத்தில் சின்னதாகிக்கொண்டே போனான். வெறும் கடல். பிறகு, வெளிச்சத்துக்குள்ளிருந்து ஒரு கிழவன் தடுமாறித் தடுமாறி வந்தான். சேவியர் டிவியைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் டிவியைப் பார்த்தபடியே கேட்டார்:

“ஏன் அண்ணே, இம்புட்டு வருசமா எங்கன போயிருந்தீக?”

ஒட்டு எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசி, பங்குனியில் போங்கள், வடக்குக் கரை அமைதியாக இருக்கும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எடுத்து முடியுங்கள், அதற்குப் பிறகு மணலும் வானமும் ஒரே வெள்ளை. வள்ளம் வேண்டுமென்றால் முதல்நாளே கேளுங்கள், பூசை நேரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். உப்புக்காற்றுக்கு லென்சைத் துடைக்க நல்ல துணி வேண்டும். வீட்டில் நெட் முக்காடு இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள், சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கொடுங்கள். பிலிம் மாதிரி வேண்டுமென்று கீறலையும் முடியையும் வாங்காதீர்கள். அந்தக் காலத்தில் எடுத்தவர் யாராவது உயிரோடு இருந்தால் அடிக்க வருவார். சூரியனை மறைக்க ஆள் தேவைப்பட்டால் நயினார்கோவிலில் விசாரியுங்கள், சாப்பாடு போட்டால் வருவேன்.

அந்த டப்பா பீரோவுக்குத் திரும்பவில்லை. டிவி ஸ்டாண்டில், ஆரோக்கியத்தின் ஜெபமாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஓலைக்குடாவுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே சேவியர் டிவியைப் போட்டுவிடுகிறானாம்.