ஒரு வரியை எடுத்திருந்தால்...

பழைய கம்ப்யூட்டர்களைச் சேகரிக்கும் ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். சங்கரன்கோவிலில் நான் ஜாப் டைப்பிங் சென்டர் நடத்திய காலத்து 386 கம்ப்யூட்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆன் செய்தோம்... ஓடியது!

ஸ்டார்ட்டப் ஃபைலைத் திறந்தவர் கேட்டார்: "இந்த மெமரி மேனேஜர் வரிய ஏன் சார் போட்டீங்க? உங்க புரோகிராமுக்கு இது தேவையே இல்லையே."

போட்டது நான்தான். கூடுதல் மெமரி கிடைக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். கிடைக்கும் — ஆனால் புராசசர் வேறு மோடுக்குப் போய்விடும். அதன்பின் பிரிண்டருக்கு ஓர் எழுத்தை அனுப்பக்கூட நடுவில் மேற்பார்வையாளர் மாதிரி நிற்கும் அந்த மெமரி மேனேஜரைத் தாண்டியாக வேண்டும்; வேலை மெதுவாகும்.

வரியை நீக்கிவிட்டு, பழைய மார்க் லிஸ்ட் ஒன்றை ஓட்டினார். நன்றாகவே வேகம் தெரிந்தது.

இதையேதான் செல்வராணி அன்று சொன்னாள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் என் சென்டருக்கு டைப் அடிக்க வந்த பெண். மார்க் லிஸ்ட் தாமதமாகிறது என்று பள்ளி கிளார்க் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க புதுசா ஒரு வரி சேத்தியள்லா? அதுக்கப்புறந்தான் மெசின் இழுக்கு. அத எடுத்துட்டு ஒருக்க ஓட்டிப் பாப்பமா?"

"எம்.எஸ்சி. படிச்சவனுக்கே சொல்லித் தருதியோ? கை ஓடலன்னா வீட்டுக்குப் போ!"

கிளார்க் சிரித்தார். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள்.

அதோடு விட்டேனா? வேறொரு சென்டரிலிருந்து அவளைப் பற்றி விசாரித்தார்கள். "ரொம்ப ஸ்லோ" என்றேன். ஊரில் இருந்ததே மூன்று சென்டர்கள். அதன்பின் அவளுக்கு எங்குமே வேலை கிடைக்கவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

தன் தவறை ஒப்புக்கொள்ள படித்தவனுக்கு ஏன் இத்தனை வருடம் ஆகிறது?

விசாரித்துக்கொண்டு நேற்று புளியங்குடிக்குப் போனேன். எலுமிச்சை மண்டியில் காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நிமிராமலே கேட்டாள்:

"அந்த வரிய எடுத்துட்டியளா சார்?"

"எடுத்தாச்சும்மா."

"வேகமா ஓடுதோ?"

"ஓடுது."

பெரியது ஒரு கூடைக்கு, சிறியது ஒரு கூடைக்கு — விரல்கள் நிற்கவே இல்லை. என்ன வேகம்!

"மூடை வருது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்."

தள்ளி நின்றேன். அன்றே நின்றிருக்க வேண்டும்.