கோலி உருளாத வண்டி

ஆர்விட் கோல்ஸ்டோவின் பட்டறையில் வேலை முடிந்ததா இல்லையா என்பதை ஒரு கோலிக்குண்டுதான் சொல்லும். பச்சைக் கண்ணாடி, உள்ளே வெள்ளைச் சுருள். எந்த வண்டியின் இருக்கைக்கடியிலிருந்தோ விழுந்தது, தேடி யாரும் வரவில்லை. சுமை ஏற்றிய பிக்கப் லாரியின் கீழே படுத்து ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்ப்பார், ரப்பர் கட்டைகளை முடுக்குவார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கோலியை வண்டியின் தளத்தில் வைத்து விரலை எடுப்பார். உருளவில்லையென்றால் சாவியைக் கொடுத்துவிடுவார்.

அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் இது தெரியும். சிலர் அதைப் பார்ப்பதற்கென்றே நின்றுகொண்டிருப்பார்கள்.

"உன் சவப்பெட்டிய இறக்கும்போது அதுமேல கோலி வெச்சுப் பாக்கணும்டா ஆர்விட்," என்பார் ஓடெல். மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்ந்தவர். பட்டறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. "உருண்டுச்சுன்னு வையி, நீயே எந்திரிச்சு வந்து ஆப்பு சொருகுவ."

"மண்ண நல்லா மிதிச்சுப் போடு. உருளாது."

ஆர்விட் முன்பு மரம் அறுக்கும் ஆலையில் இருந்தார். ஆலையை மூடியபோது பாலத்துக்கு அருகில் காலியாகக் கிடந்த கொட்டகையை எடுத்துக்கொண்டார். வண்டிகளைச் சமமாக நிறுத்தினார். பேச்சும் அப்படித்தான். யாரையும் குறை சொன்னதில்லை, யாரோடும் குரல் உயர்த்தியதில்லை. அவர் மனைவி லெனோர் பிள்ளைகள் வளர்ந்ததும் தன் அக்காவோடு நகரத்துக்குப் போய்விட்டாள். போகும்போது சண்டை ஒன்றும் இல்லை. "உன்கிட்ட எது எவ்ளோ கனம்னு கடைசி வரைக்கும் தெரியல ஆர்விட்," என்று மட்டும் சொன்னாள். அவர் அவளுடைய பெட்டிகளை வண்டியில் ஏற்றி, கயிறு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

அக்டோபர் வந்தால் பட்டறை வாசலில் வண்டிகள் நிற்கும். வயதானவர்கள் பனி விழுவதற்குள் அரிசோனாவுக்குக் கிளம்புவார்கள். பிக்கப்பின் முதுகில் ஒரு வீட்டையே ஏற்றி வைத்திருப்பார்கள். கேம்பர் என்பார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே. ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் குந்திவிடும். அதைத் தூக்கி நிறுத்துவதுதான் ஆர்விட்டின் வேலை.

காற்றுப் பைகள் வந்த பிறகு அந்த வேலை சுலபமாகிவிட்டது. அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு ரப்பர் பை. காற்று அடித்தால் எந்தச் சுமையும் எழும்பி நிற்கும். முன்பெல்லாம் அதிகம் ஏற்றினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு விளக்கு வெளிச்சம் மரக்கிளைகளில் விழும். ஓட்டுகிறவன் பார்த்துவிட்டு எதையாவது இறக்குவான். இப்போது வண்டி குந்துவதில்லை. அச்சு அதே அச்சுதான், டயர் அதே டயர்தான். வண்டியின் வாய் மட்டும் அடைபட்டிருக்கிறது. ஆர்விட்டுக்கு இது தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை, கோலி நிற்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஆண்டு அவர் தங்கை மாரிட்டும் அவள் கணவர் டென்டனும் வந்தார்கள். டென்டன் அவளுக்கு இரண்டாவது கணவர். கலிபோர்னியாவில் தொலைபேசிக் கம்பெனியில் இருந்து ஓய்வுபெற்று, மீன் பிடிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். நல்ல மனிதர். சத்தமாகச் சிரிப்பார். ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊரில் யாரிடமோ பழைய கேம்பர் ஒன்றை வாங்கித் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"எப்படி, நம்ம அரண்மனை?"

ஆர்விட் ஒரு சுற்று சுற்றி வந்தார். கேம்பர், பின்னால் சுமை ஏற்றும் தொட்டி நீளமாக இருக்கும் வண்டிக்காகச் செய்தது. டென்டனின் வண்டிக்குக் குட்டைத் தொட்டி. பின்கதவைக் கழற்றிவிட்டு ஏற்றியிருந்தார்கள். சமையல் மேடையும் தண்ணீர்த் தொட்டியும் இருந்த கடைசிப் பகுதி அந்தரத்தில் நின்றது.

"பெருசு," என்றார் ஆர்விட்.

"பெருசுதானே வேணும். உங்க தங்கச்சி ஊறுகா ஜாடி எல்லாத்தையும் தூக்கிட்டு வர்றா."

"ஊறுகா இல்லாம அங்க எதத் தின்பீங்க, கள்ளிச்செடியவா?" உள்ளேயிருந்து மாரிட்டின் குரல் வந்தது. அலமாரியில் கோப்பைகளை அடுக்கும் ஓசையும் கேட்டது.

கேம்பரின் பக்கவாட்டில் அதைச் செய்தவர்கள் ஒரு சிறிய சிவப்பு அம்பை ஒட்டியிருந்தார்கள். மொத்தக் கனமும் அந்த இடத்தில்தான் உட்காருகிறது என்று பொருள். வண்டியில் ஏற்றினால் அம்பு பின்சக்கரத்தின் நடுவுக்கு முன்னால் விழ வேண்டும். ஆர்விட் குனிந்து பார்த்தார். ஒரு சாண் பின்னால் இருந்தது. தண்ணீரும் ஜாடிகளும் ஏறுவதற்கு முன்பே ஒரு சாண். முன்பக்கம் போய் பம்பரை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கினார். இவ்வளவு எடையுள்ள வண்டி அப்படி அசையக் கூடாது. அசைந்தது.

"பை மாட்டிருங்க," என்றார் டென்டன். "ஓடெல் வண்டில இருக்கே, உள்ளயிருந்தே காத்தடிக்கிற சுவிட்சு, அதுவும் வேணும். சனிக்கிழம கிளம்புறோம்."

"எந்த வழியா?"

"கணவாய் வழியா."

ஆர்விட் துணியில் கையைத் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"நானா இருந்தா ஆத்து ரோட்டுல போவேன்," என்றார்.

நாற்காலியில் ஓடெல் நிமிர்ந்தார். கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார்.

அந்தப் பள்ளத்தாக்கில் 'நானா இருந்தா' என்று தொடங்கினால் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அடுத்தவன் வண்டியையும் நிலத்தையும் பற்றி வாய் திறப்பது அங்கே மரியாதை இல்லை. அதனால் எச்சரிக்கை முழுவதையும் அந்த ஒரு சொல்லில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒருமுறை உறைந்த ஆற்றின்மேல் மீன் பிடிக்கத் தூண்டிலோடு இறங்கிய ஒருவனிடம், கரையில் நின்றவர், "நானா இருந்தா அடுத்த வாரம் வருவேன்" என்றார். அவன் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனான். அன்று சாயங்காலம் ஆற்றின் பனிக்கட்டி பிளந்தது. இப்படித்தான் அங்கே ஆட்கள் உயிரோடு இருந்தார்கள்.

டென்டன் வெளியூர்க்காரர். "ஆத்து ரோடு சுத்து இல்லையா?" என்றார். "உங்களுக்குத் தண்ணி பாத்துட்டே ஓட்டணும். எனக்கு மலை."

ஓடெல் ஆர்விட்டைப் பார்த்தார். ஆர்விட் பையை எடுக்க உள்ளே போனார்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. பைகளை மாட்டி, காற்றுக்குழாயைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். சிறிய கம்ப்ரசரை வைத்து, சுவிட்சை ஓட்டுநரின் முழங்கால் பக்கம் பொருத்தினார். குந்தியிருந்த வண்டி ஒரு மாடு எழுந்திருப்பதுபோல மெல்ல எழுந்தது. கோலியைக் கேம்பரின் கதவடியில் வைத்தார். உருளவில்லை. டென்டன் கைதட்டினார். ஆர்விட் கோலியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாரிட்டின் வீட்டில் சாப்பாடு. மான்கறி, உருளைக்கிழங்கு. டென்டன் காப்பிக் குடுவையோடு வரவேற்பறைக்குப் போனதும் ஆர்விட் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நானா இருந்தா ஆத்து ரோட்டுல போவேன், மாரிட்."

அவள் இந்த ஊரில் பிறந்தவள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மறுபடி கழுவத் தொடங்கியது.

"இந்தக் கல்யாணத்துக்கு முந்தி என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கா?"

அவருக்கு இருந்தது.

"'நானா இருந்தா கொஞ்ச நாள் பொறுப்பேன்.' அதே சமையல்கட்டு, அதே மூஞ்சி. நான் ராத்திரியெல்லாம் அழுதேன். எதையோ தெரிஞ்சு வெச்சிருக்கான், சொல்ல மாட்டேங்குறான்னு." தட்டைத் துடைத்து அடுக்கினாள். "ஒண்ணுமே இல்ல. உனக்கு அந்த மனுசன் சிரிக்கிறது பிடிக்கல, அவ்ளோதான். இத்தன வருசம் நல்லாத்தான் இருக்கேன்."

"இது வண்டி விஷயம்."

"வண்டிய நீதானே சரி பண்ண?"

"பண்ணேன்."

"கோலி நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"அப்புறம் என்ன?"

கனம் பின்னால் விழுகிறது, மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டுவிடும், ஸ்டீயரிங் கையில் இருக்கும், வண்டி உன் கையில் இருக்காது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அறுபது வருடங்களில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. டென்டன் குடுவையோடு திரும்பி வந்தார். "அண்ணனும் தங்கச்சியும் என்ன ரகசியம்?" என்று கேட்டுச் சிரித்தார்.

"ஊறுகா குடுத்து அனுப்பச் சொல்றான்," என்றாள் மாரிட்.

சனிக்கிழமை விடிந்ததும் ஆர்விட் அவர்கள் வீட்டு முற்றத்துக்கு நடந்து போனார். வானம் தாழ்ந்து கிடந்தது. கணவாய்ப் பக்கம் மலை இல்லை, மேகம்தான் இருந்தது. சமையலறையில் விளக்கு எரிந்தது, பேச்சுக்குரல் கேட்டது. முற்றத்தில் வண்டி சமமாக, அழகாக நின்றது.

அவர் பின்சக்கரத்தின் அருகே மண்டியிட்டு, காற்றுப் பையின் வால்வு மூடியைக் கழற்றினார். ஊசியை நகத்தால் அழுத்தினார். காற்று சீறியது. மறுபக்கமும் அழுத்தினார். வண்டி இறங்கியது. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து முனகின. பின்பக்கம் தரையை நோக்கிக் குந்தியது, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. ஜாடிகளும் தண்ணீரும் ஏறிய வண்டி. அவர் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. பார்க்கிற எவருக்கும் புரியும். நாய்க்குக்கூடப் புரியும்.

கம்ப்ரசரின் கம்பியையும் அறுத்துவிடலாம். இடுக்கி கால்சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்தார். தானே முடிச்சு போட்டு, தானே நாடா சுற்றிய கம்பி. கை வரவில்லை. வண்டி சொல்லட்டும், அது போதும் என்று நினைத்தார்.

டென்டன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வெளியே வந்தார். வண்டியைப் பார்த்து நின்றார்.

"அடடா," என்றார் டென்டன். "காத்து எறங்கிடுச்சா?"

"எறங்கிடுச்சு. இதான் அதோட நெசமான நெல, டென்டன். பாத்துக்கங்க."

"புது ரப்பர் இல்லையா, மொதல் நாள் அப்படித்தான் இருக்கும். இதுக்குன்னே காலங்காத்தால வந்தீங்களா? நீங்க நல்ல ஆளு." டென்டன் கதவைத் திறந்து, முழங்கால் பக்கம் கையை விட்டுச் சுவிட்சை அழுத்தினார்.

கம்ப்ரசர் உறுமியது. வண்டி எழுந்தது. ஆர்விட் அது எழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். குந்தியது போய், சமமாகி, நின்றது. டென்டன் திருப்தியோடு தட்டிக்கொடுத்தார்.

"என்ன வேல பாத்திருக்கீங்க பாருங்க."

மாரிட் கம்பளித் தொப்பியோடு வந்து அண்ணனின் கன்னத்தில் முத்தமிட்டாள். கையில் ஒரு ஜாடியைக் கொடுத்தாள். "போகாதே," என்றார் ஆர்விட். எஞ்சின் அப்போதுதான் ஏறிக் குமுறியது.

"என்ன?"

"போகாதேன்னேன்."

அவள் அவரையே பார்த்தாள். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதில்லை. கண் கலங்கியது. "வசந்தத்துல வந்துருவோம்டா," என்று தோளில் தட்டினாள். "தனியா இருக்கேன்னு எங்கிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்." ஏறிக் கதவைச் சாத்தினாள்.

வண்டி முற்றத்தைத் தாண்டியதும் ஆர்விட் பட்டறைக்கு ஓடினார். ஓடி வெகு காலமாகியிருந்தது. தன் பழைய பிக்கப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். பாலத்தின் மேட்டில் அவர்களைப் பிடித்தார். அங்கே டென்டனின் வண்டி ஏறி இறங்கியபோது, ஒரு கணம் அதன் முன்பக்கம் மிதந்ததையும், இடதுபுறம் சறுக்கியதையும், மறுபடி நேரானதையும் பார்த்தார். டென்டனுக்கு அது காற்று என்று தோன்றியிருக்கும்.

பாலத்துக்கு அப்பால் சாலை பிரிகிறது. இடது பக்கம் ஆறு, வலது பக்கம் கணவாய். ஆர்விட் ஹார்னை அழுத்தினார். விடாமல் அழுத்தினார். அந்த ஊரில் பயணம் போகிறவர்களைப் பிரிவு வரை வந்து ஹார்ன் அடித்துத்தான் அனுப்புவார்கள்.

டென்டன் பதிலுக்கு அடித்தார். மாரிட்டின் கை ஜன்னலுக்கு வெளியே வந்து ஆடியது. அவர்கள் வண்டியின் வலது விளக்கு மின்னி மின்னி அணைந்தது.

முதல் பனித்துகள்கள் கண்ணாடியில் ஒட்டின. ஆர்விட்டும் வலது பக்கம் திரும்பினார். மேலே போய் என்ன செய்யப் போகிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. முன்னால் வண்டியின் முதுகில் அந்த வெள்ளை வீடு கொஞ்சமும் சாயாமல் ஏறிக்கொண்டிருந்தது. ஹார்னை அழுத்த முன்னால் சாய்ந்தபோது சட்டைப் பையிலிருந்து நழுவிய கோலி முன்கண்ணாடிக்கு அடியிலிருந்த பலகைமேல் கிடந்தது. சாலை எழும்பத் தொடங்கியதும் அது அவரை நோக்கி உருண்டு வந்தது.