கோமளா மேடம் ஓட்டிய படம்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. எடுத்தால் கோமளா மேடத்தின் மகள் செல்வி. “அங்கிள், அம்மா விடியக்காலையில போயிட்டாங்க” என்றார். அவரே தொடர்ந்தார். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே அம்மா ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார்களாம். அதில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் மேலே ‘தியேட்டர் மேனேஜர்’ என்று எழுதி, அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது எனக்குத்தான் தெரியும் என்று பக்கத்தில் குறித்திருந்தார்களாம். அதைச் சொல்லும்போது, அழுதுகொண்டிருந்த செல்வி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இறந்த செய்தி சொன்ன நேரத்திலும் இரண்டு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1989இல் மாவட்டம் பிரிந்தபோது வேலூரிலிருந்து மாற்றலாகித் திருவண்ணாமலைக்கு வந்தவர்களில் நாங்கள் இருவரும் உண்டு. நான் உதவியாளர், அவர் தட்டச்சர். நாற்காலிகள் வந்து சேராத புது அலுவலகத்தில், ஃபைல் கட்டுகளின் மேல் உட்கார்ந்து முதல் வாரம் வேலை பார்த்தோம். அவருக்குச் சொந்த ஊர் செங்கத்துக்கு அப்பால், ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு சின்ன கிராமம். மணிலாக் கடலையும் கேழ்வரகும் போடும் குடும்பம். அந்த ஊரிலிருந்து அரசாங்க வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான். கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒரு தடவை எங்கள் அதிகாரி அரைப் பக்கத்துக்கு நீண்ட ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே போக, கோமளா மேடம் தட்டச்சை நிறுத்திவிட்டு மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “சார், இது எங்க முடியுதுன்னு சொல்லிட்டீங்கன்னா நான் மூச்சு விட்டுக்குவேன்.” அதிகாரி வாக்கியத்தை மூன்றாக உடைத்தார்.

மறு வருடம் அவருடைய ஊருக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. படத்தின் பெயர் ‘கல்வாசல்’. சரித்திரப் படம். பகைநாட்டில் பஞ்சம் வந்து மக்கள் ஓடி வருகிறார்கள். ஒரு குறுநில மன்னன் அவர்களுக்குத் தன் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறான். அவர்களைத் திருப்பிக் கேட்டுப் பெரும்படை வருகிறது. இதுதான் கதை. மலையடிவாரத்தில் மரத்தாலும் சாந்தாலும் ஒரு கோட்டை எழும்பியது. ஊர்க்காரர்கள் எல்லோரும் படைவீரர்கள் ஆனார்கள். விடுமுறையில் வேடிக்கை பார்க்கப் போன கோமளா மேடத்தின் குரல் வயல் தாண்டிக் கேட்பதைக் கவனித்த டைரக்டர், அவரை அகதிக் கூட்டத்தின் முன்னால் நிறுத்தி ஒரு வசனம் கொடுத்தார். “கதவைத் திறங்கய்யா, புள்ளைங்க வெளியில நிக்குது.” அவ்வளவுதான். அடுத்த ஒரு மாதத்துக்கு எங்கள் அலுவலகத்தில் யார் கதவைச் சாத்தினாலும் அந்த வசனம் கேட்டது.

படத்தைப் பிடித்த கெட்ட நேரம் கொஞ்சநஞ்சமல்ல. மழையில் கோட்டை சரிந்தது. கதாநாயகனாக நடித்த பெரிய நடிகர் டைரக்டரோடு மனஸ்தாபப்பட்டுப் பாதியில் விலகிவிட்டார். மீதியில் அவருக்குப் பதில் வேறொருவரை முதுகுப்பக்கமாக நிறுத்திப் படமெடுத்ததாகப் பேச்சு. யாரோ தங்கள் முன்னோரைத் தாழ்த்திக் காட்டியிருப்பதாக வழக்குப் போட, அதில் இரண்டு வருடம் போயிற்று. நாங்கள் கிண்டலாகக் கேட்போம், “மேடம், படம் எப்போ?” என்று. “வரும் சார்” என்பார், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

ஐந்து வருடம் கழித்து வந்தது. ஆனால் மாநிலத்தில் ஏழெட்டு ஊர்களில் மட்டும். வேலூரில் ஒரு கொட்டகை, போளூரில் ஒன்று. எங்கள் ஊர் பட்டியலில் இல்லை. படம் போன இடத்திலெல்லாம் நாலு நாள் தாங்கவில்லை என்றும், போளூரில் முடிந்ததும் ஃபிலிம் பெட்டியைச் சென்னையில் குடோனில் போட்டுவிடப் போகிறார்கள் என்றும் கேள்விப்பட்டோம். அது நடந்தால் படத்தில் நடித்த அத்தனை கிராமத்து ஜனங்களும் தங்களைத் திரையில் பார்க்கப் போவதே இல்லை.

அப்போதுதான் கோமளா மேடம் கிளம்பினார். ‘கல்வாசல் பட ரசிகர்கள்’ என்று எங்களை ஒரு குழுவாக்கினார். நடிகருக்கு மன்றம் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒரு படத்துக்கு, அதுவும் விழுந்துபோன படத்துக்கு மன்றம் என்பது ஊருக்கே புதுசு. தினமும் சாயங்காலம் அலுவலகம் முடிந்ததும் அவரும் நானும் என் மனைவியும் தியேட்டர் மேனேஜரைப் பார்க்கப் போவோம். மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் சிரிக்க மாட்டார். ஐந்தாம் நாள், எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார். பகல் காட்சி மட்டும் தருவதாகவும், முதல் நாள் கொட்டகை நிறையவில்லை என்றால் மறுநாளே பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். கோமளா மேடம் யோசிக்கவே இல்லை, சரி என்றார்.

அடுத்த தடை அந்தப் பெரிய நடிகரின் ரசிகர் மன்றம். தங்கள் தலைவரே கைகழுவிய படத்தை ஓட்டுவது அவருக்கு அவமானம் என்று அவர்கள் போஸ்டர் ஒட்ட விடவில்லை. மன்றச் செயலாளர் குமார், பஸ் நிலையத்தில் ஆட்டோ ஓட்டுபவர், முன்கோபி. கோமளா மேடம் நேராக ஆட்டோ ஸ்டாண்டுக்கே போனார். நான் பயந்துகொண்டு பின்னால் போனேன். அவர் சண்டை போடவில்லை. “தம்பி, உங்க தலைவர் முதல் பாதியில அவ்ளோ நல்லா நடிச்சிருக்காருங்க. கதவைத் தொறக்கச் சொல்ற எடத்துல ஒரு வார்த்தை பேச மாட்டாரு, கண்ணாலயே சொல்வாரு. அதை நீங்க பாக்காம வேற யாரு பாப்பாங்க?” என்றார். குமார் கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று மாலையே போஸ்டர் ஒட்ட அவர் ஆட்கள்தான் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை. பதினோரு மணிக்குக் காட்சி. கிராமத்திலிருந்து இரண்டு டிராக்டர்களிலும் செங்கம் பஸ்ஸிலும் ஜனங்கள் வந்து இறங்கினார்கள். கல்யாணத்துக்கு உடுத்துவது போல உடுத்தியிருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் லீவு. மேனேஜர் வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தார். அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

பத்தரை மணிக்கு ஆபரேட்டர் இறங்கி வந்து அந்தச் செய்தியைச் சொன்னார். வந்திருப்பது ஒரு பெட்டிதான். இடைவேளைக்குப் பிறகான ரீல்கள் உள்ள இரண்டாவது பெட்டி போளூரிலேயே தங்கிவிட்டது. மேனேஜர் காட்சியை ரத்து செய்யலாம் என்றார். கோமளா மேடம் குமாரைப் பார்த்தார். குமார் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போளூர் ரோட்டில் போய்விட்டார். “நீங்க ஆரம்பிங்க சார்” என்றார் மேடம் மேனேஜரிடம்.

படம் தொடங்கியது. தங்கள் ஏரி, தங்கள் பாறை, தங்கள் மாடு என்று ஒவ்வொன்றுக்கும் கொட்டகை ஆரவாரித்தது. பிறகு அந்த இடம் வந்தது. பஞ்சம் பட்ட கூட்டம் கோட்டை வாசலில் நிற்கிறது. நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். முன்னால் வந்து, “கதவைத் திறங்கய்யா, புள்ளைங்க வெளியில நிக்குது” என்று சொன்னவர் கோமளா மேடம் இல்லை. வேறொரு பெண்மணி. எங்கள் வரிசையில் ஒருவரும் அசையவில்லை. நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். கோமளா மேடம் எல்லோருக்கும் முன்பாகக் கை தட்டிக்கொண்டிருந்தார். திரையில் கதவு திறந்தது. கொட்டகை முழுக்க அவரோடு சேர்ந்து தட்டியது.

இடைவேளை வந்தது. முறுக்கு தீர்ந்தது. குமார் வரவில்லை. சலசலப்பு கூச்சலானது. மேனேஜர் வேர்த்துப்போய் நின்றார். அப்போது கோமளா மேடம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரைக்கு முன்னால் ஏறி நின்றார். மைக் இல்லை. அவருக்குத் தேவையும் இல்லை.

“உக்காருங்க. பெட்டி வந்துக்கிட்டு இருக்குது. அது வர்ற வரைக்கும் மீதியை நான் சொல்றேன். வந்தப்புறம் பாத்துட்டு, சரியா சொன்னேனான்னு நீங்க சொல்லுங்க” என்றார்.

சொன்னார். பெரும்படை வருவதை, மன்னனின் தம்பி மனம் மாறுவதை, அகதியாக வந்த பெண்கள் மதில்மேல் ஏறிக் கல் சுமப்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். வாசல் சண்டைக்கு வந்தபோது நடு வரிசையிலிருந்து சின்னசாமி என்ற பெரியவர் எழுந்தார். “அந்த எடத்துல நான் செத்துடறேம்மா” என்று அறிவித்தார். பக்கத்தில் இருந்தவர், நீ முதல் சண்டையிலேயே செத்தாயே என்று மறுத்தார். சின்னசாமி நிதானமாக விளக்கினார்: “அது இந்தப் பக்கம். மத்தியானம் டிரஸ்ஸ மாத்திக்கினு அந்தப் பக்கம் போயி நின்னேன். ரெண்டு படையிலயும் நான் கீறேன்.” கொட்டகை இடிந்துவிடும் போலச் சிரித்தது. அதன்பின் ஒவ்வொருவராக எழுந்து எங்கே எப்படி விழுந்தார்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் நடைபாதையில் விழுந்தே காட்டினார். மேனேஜர் சிரித்ததை நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான்.

நாற்பது நிமிடம் போயிருக்கும். தலை முதல் கால் வரை புழுதியோடு குமார் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தலைவருக்கு அடிக்கும் விசிலையெல்லாம் அன்று குமாருக்கு அடித்தார்கள். மீதிப் படம் ஓடியது. மேடம் சொன்னது ஒரு காட்சிகூடப் பிசகவில்லை. சின்னசாமி இரண்டாவது முறை செத்தபோது எழுந்து நின்று கும்பிட்டார்.

எல்லாம் முடிந்து வெளியே டீக்கடையில் நின்றோம். எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. முடிவு வரை இவருக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். படம் வெளியான அன்றே லீவு போட்டு வேலூருக்குப் போய்த் தனியாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

“அப்ப நீங்க படத்துல இல்லன்னு முன்னாடியே தெரியுமா மேடம்?”

“தெரியும் சார். ஒரு ரெண்டு நிமிஷம் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம் அந்தக் கதவு தொறந்துச்சு. நான் என்னையே மறந்துட்டேன்.” ஒரு வாய் குடித்துவிட்டுச் சேர்த்தார்: “அந்தம்மா என்னைவிட நல்லாவே சொல்லியிருக்காங்க.”

தான் இல்லாத படத்துக்காகவா இத்தனை அலைச்சல் என்று என் மனைவி கேட்டார். கோமளா மேடத்துக்கு அந்தக் கேள்வியே புரியாதது போலிருந்தது. “படம் நல்லா இருக்குதேங்க” என்றார்.

‘கல்வாசல்’ எங்கள் ஊரில் பதினாறு நாள் பகல் காட்சி ஓடியது. வேறெங்கும் அப்படி ஓடவில்லை. பிற்பாடு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு டைரக்டர் ஒரு தபால் அட்டை எழுதினார். கோட்டை சரிந்த மழையில் மேடம் நடித்த அன்றைய ஃபிலிமும் நனைந்து கெட்டுவிட்டதாகவும், வேறு வழியில்லாமல் சென்னையில் மறுபடி எடுத்ததாகவும், மன்னிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. மேடம் இரண்டு பக்கம் பதில் எழுதினார். மன்னிப்பைப் பற்றி ஒரு வரி. மீதியெல்லாம் படத்தைப் பாராட்டி. கடைசியில், இரண்டாவது பாட்டு ஜாஸ்தி நீளம், அடுத்த தடவை கம்மி பண்ணிக்கொள்ளவும் என்று ஓர் ஆலோசனை.

அதன்பின் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் அவரோடு பழகக் கிடைத்தது. பதவி உயர்வு வந்தது. வேங்கிக்காலில் வீடு கட்டினார். செல்வியைப் படிக்க வைத்தார். உடம்புக்கு முடியாமல் போனது கடைசி நான்கு மாதம்தான். புதன்கிழமை அவர் வீட்டு முன்னால் கிராமத்திலிருந்து வந்த வேன்கள் நின்றன. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். குமாருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. மேனேஜரை நான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கடைசி வரை நின்றுவிட்டுத்தான் கிளம்பினார்.

ஆனால் எனக்கு அவரை அந்தக் கூட்டத்தில் கிடந்தவராக நினைக்கத் தோன்றவில்லை. நாற்பது வயதுக்கு மேல் அவர் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். போன வருடம் ஒரு காலை, ஓய்வூதிய வேலையாக வந்து வேங்கிக்கால் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் வந்து பிரேக் போட்டார். “ஏறுங்க சார், பஸ் ஸ்டாண்டுல விட்டுடறேன்.” எனக்குப் பயம். சொல்ல வெட்கம். ஏறிக்கொண்டேன். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து, வழி நெடுகப் பேசிக்கொண்டே ஓட்டினார். பாதி காற்றில் போயிற்று, பாதி எனக்குக் கேட்டது, கேட்டதற்கெல்லாம் சிரித்தேன். பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு, நேரமாகிவிட்டது என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். சிவப்புச் சேலை, தோளில் குறுக்கே மாட்டிய பை, நிமிர்ந்த முதுகு. மலையைப் பார்த்த சாலையில் வெயிலுக்குள் போய், ஒரு தடவை ஹாரன் அடித்து, வளைவில் மறைந்தார்.

கோமளா மேடம், அன்றைக்கு உங்களுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. பயத்தில் மறந்துவிட்டேன். நன்றி. பார்த்துப் போய் வாருங்கள்.