தகட்டின் மேல் உடைத்த தேங்காய்

என் அக்காவின் கணவரை எனக்குப் பிடிக்காது. அதற்கு அவர் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போன பிறகு, கிள்ளானிலிருந்து என்னை அழைத்துவந்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தன் ரயில்வே குவார்ட்டர்ஸில் இடம் கொடுத்து, ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்பு வரை படிக்கவைத்தவர் அவர். நான் கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த பிறகும் அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். அவர் பட்டறையில் ஃபிட்டர். நகக்கண்களில் எந்நேரமும் எண்ணெய்க் கறுப்பு இருக்கும். என் சிநேகிதர்கள் வந்தால் அவரும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் எழுந்து போகமாட்டாரா என்று எனக்கு இருக்கும். ஒருவரிடம் அதிகமாகப் பெற்றுக்கொண்டால் அவர்மேல் அன்பு வரும் என்று நினைப்பவர்கள் யாருடைய சோற்றிலும் நீண்ட நாள் இருந்திராதவர்கள்.

முப்பதுகளின் நடுவில் ஒரு சீனத் தவுக்கே, பெரிய முதலாளி, ஊருக்குள் கேளிக்கைப் பூங்கா ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். நாங்கள் வெறும் 'பார்க்' என்போம். மேடை நாடகம், குத்துச்சண்டை, நடன மண்டபம், குதிரை ராட்டினம் எல்லாம் இருந்தன. அங்கே மின்சாரக் கார்கள் வரப்போகின்றன என்று சுவரொட்டி ஒட்டினார்கள். நாமே ஓட்டலாம், ஒன்றோடொன்று மோதலாம், அடிபடாது. சுவரொட்டியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸில் வேறு பேச்சே இல்லை. எங்கள் கூட்டத்தில் ஒருவன் சிங்கப்பூருக்குப் போனபோது அதைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னான். நிஜக் கார் மாதிரியே என்றான். அடுத்த வாரம் நிஜக் காரைவிட வேகம் என்றான். கப்பல் வரத் தாமதமாகத் தாமதமாக அந்தக் கார்கள் அவன் வாயில் இன்னும் பெரிதாகிக்கொண்டே போயின. வாழ்நாளில் ஸ்டீரிங்கைத் தொட்டிராத குமாஸ்தாக்கள் எப்படித் திருப்புவது என்று தட்டை வைத்துக்கொண்டு பழகினார்கள். யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று இரண்டு வீட்டுப் பெண்கள் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தக் கார்களைப் பொருத்தி ஓட்டிக் கவனிக்கத் தவுக்கே ஓர் ஆளைத் தேடினார். அத்தான் போய்ப் பார்த்தார். வேலை கிடைத்தது. ரயில்வேயை விட்டார். கூடவே குவார்ட்டர்ஸும் போனது. ஒரு சலவைக்கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துக் குடிபோனோம். சர்க்கார் வேலையை விட்டவரைத் திரும்ப எடுக்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா அழுதாள், பிறகு பெட்டியைக் கட்டினாள். நான் அழவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று விலாசம் எழுதியவன் இனி சலவைக்கடைக்குப் பின்புறம் என்று எழுதவேண்டுமா என்று எரிந்தேன். யாரிடமும் கேட்காமல் ஒரு ஃபிட்டர் எடுத்த முடிவுக்கு நான் ஏன் கட்டுப்படவேண்டும் என்று நினைத்தேன்.

கார்கள் வந்தன. இரவுச் சாப்பாட்டின்போது அவற்றைப் பற்றி அத்தான் என்னிடம்தான் விளக்குவார். அக்காவுக்குப் புரியாது, மச்சான் படித்தவன் என்று அவருக்கு எண்ணம். தரை முழுக்க இரும்புத் தகடு. மேலே கம்பி வலை. காரின் பின்னாலுள்ள கம்பம் வலையைத் தொடும், காரின் அடியிலுள்ள சிறு தட்டு தகட்டை உரசிக்கொண்டே போகும். இரண்டும் தொட்டால்தான் மின்சாரம் சுற்றி வரும். அதனால் தகட்டில் ஈரமோ அழுக்கோ கூடாது, பிற்பகல் தோறும் உலர்ந்த துணியால் துடைத்துப் பென்சில் கரியைப் போன்ற ஒரு தூளைத் தேய்த்துவிடவேண்டும் என்றார். சோற்றுத் தட்டைத் தகடாகவும் எலுமிச்சை ஊறுகாய்த் துண்டைக் காராகவும் வைத்துக் காட்டினார். நான் ம் கொட்டினேன். எல்லாம் மனதில் நின்றது.

முதல் வாரம் அந்தக் கார்கள் மானத்தை வாங்கின. சில புறப்படவே இல்லை. புறப்பட்டவை நடுவில் நின்றன. ஒன்றின் ரப்பர் வளையம் கழன்று உருண்டு ஓட, குழந்தைகள் அதைத் துரத்திப் பிடித்தார்கள். ஒன்று திரும்பாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது, உள்ளே இருந்த செட்டியார் இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினார். அத்தான் ஒவ்வொரு காரையும் கையால் ஓரத்துக்குத் தள்ளினார். வேலியைச் சுற்றி நின்ற கூட்டம் தாளம் தட்டியது.

"ஓட்டுற காருன்னாங்க, இது தள்ளுற காருலா."

"அண்ணே, அந்தக் காரை வீட்டுக்கே தள்ளிக்கிட்டுப் போயிருங்க, அக்கா மாவாட்டட்டும்."

அதிகம் காத்திருந்தவர்கள்தான் அதிகம் ஏசினார்கள். சிங்கப்பூரில் பார்த்தவன் எல்லோரையும்விடச் சத்தமாக ஏசினான். புதிய இயந்திரம் படிந்துவரக் கொஞ்ச நாள் ஆகும் என்று அத்தான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஆசை காட்டி ஏமாற்றியது அந்தக் கப்பல்காரனோ சுவரொட்டியோ அல்ல, கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும் இந்த மனிதர்தான் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. 'தள்ளுவண்டி மாஸ்டர்' என்ற பெயரை வைத்தது நான்தான். என் ஆபீஸில் அதைச் சொன்னேன். ஒரு வாரத்துக்குள் சலவைக்கடைக்காரர் அவரை அப்படிக் கூப்பிட்டார்.

அத்தான் காலையிலேயே பூங்காவுக்குப் போய் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். சில உதிரிகளைப் பட்டறை நண்பர்களிடம் செய்து வாங்கினார். இரண்டாவது வாரத்தில் கார்கள் நிற்காமல் ஓடத் தொடங்கின. ஆனால் பெயர் கெட்டுவிட்டது, கூட்டம் குதிரை ராட்டினத்துக்கே திரும்பிவிட்டது. வரும் சனிக்கிழமை புதிதாகத் திறப்பதுபோலத் திறப்போம், அன்றைக்கும் நின்றால் சிங்கப்பூரிலிருந்து வேறு ஆளை வரவழைத்துவிடுவேன் என்று தவுக்கே சொல்லிவிட்டார். அத்தான் இதை அக்காவிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா அப்போது கர்ப்பமாக இருந்தாள். "நிக்காது," என்றார் அவர். "நான் பாத்துட்டேன். இனிமே நிக்காது."

எங்கள் ஆட்களுக்கு வேறு காரணம் கிடைத்திருந்தது. பூஜை போடாமல் வண்டியை எடுத்தால் எப்படி ஓடும். சைக்கிள் வாங்கினாலே எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் ஏறுவார்கள், இத்தனை கார்களுக்கு ஒரு சூடம்கூடக் காட்டவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கோயில் பண்டாரத்தையும் அழைத்துக்கொண்டு தேங்காய்களோடு பெருங்கூட்டமாகப் புறப்பட்டார்கள். கூட்டிக்கொண்டு போனது நான். பூஜையில் எனக்கு நம்பிக்கை இல்லை. கூட்டத்துக்கு முன்னால் நடப்பது பிடித்திருந்தது.

அத்தான் சந்தோஷப்பட்டார். கூட்டம் வந்ததே என்ற சந்தோஷம். அக்கா பட்டுச்சேலையில் எதிர்ப்பக்கம் பெண்களோடு முன்வரிசையில் நின்றாள். கார்களுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தார்கள். பண்டாரம் சூடம் ஏற்றினார். முதல் தேங்காயைத் தூக்கியபோது அத்தான் அவர் கையைப் பிடித்தார். தேங்காயை வெளியே, படிக்குக் கீழே உடையுங்கள், தகட்டில் தண்ணீர் படக்கூடாது என்று பணிவாகச் சொன்னார்.

பண்டாரம் சரி என்று இறங்கத் திரும்பினார். அதோடு முடிந்திருக்கும்.

அத்தானுக்கும் என்னைச் சுற்றி நின்ற ஆண்களுக்கும் மட்டும் கேட்கும்படி நான் சொன்னேன். "வண்டி ஓடுறது உள்ள. சாமிக்கு மட்டும் வாசல்லயா?"

அது போதும். கூட்டம் பிடித்துக்கொண்டது. வெள்ளைக்காரன் மெஷினைத் தொட்டதும் சாமி தீட்டாகிவிட்டதா என்று ஒரு கிழக் கங்காணி கேட்டார். இதனால்தான் வண்டி படுத்துக்கொள்கிறது என்று பெண்கள் பேசினார்கள். அத்தான் என்னைப் பார்த்தார். அவர் ஊறுகாய்த் துண்டை வைத்து விளக்கியதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். படித்த மச்சான் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள் என்று அந்தப் பார்வை என்னைக் கேட்டது. நான் சூடத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓரமாக ஒன்றே ஒன்று உடையுங்கள் என்று அவர் இறங்கிவந்தார். பண்டாரம் ஒன்றை உடைத்தார். அதற்குப் பிறகு யாரும் அனுமதி கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் தேங்காயைக் கொண்டுவந்திருந்தார். தண்ணீரும் ஓட்டுச் சில்லும் தகடெங்கும் சிதறின. மேலே குங்குமம், மஞ்சள், நசுங்கிய எலுமிச்சை. அவர் நாள்தோறும் தேய்த்த கரித்தூள் அதில் ஊறிச் சேறானது. அத்தான் மண்டியிட்டுத் துடைத்தார், துணி போதாமல் சட்டையைக் கழற்றித் துடைத்தார். டிக்கெட் வாங்கியவர்கள் காத்திருக்கவில்லை, வேலியைத் தாண்டிக் கார்களில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். தொடங்கு என்று தவுக்கே தூரத்திலிருந்து கையை ஆட்டினார். ராசிக்கு மெதுவாக ஒரு சுற்று மட்டும் என்று முதல் காரில் அக்காவை உட்காரவைத்து அத்தான் சுவிட்சைப் போட்டார்.

கார்கள் கிளம்பின. ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. அது அடங்குவதற்குள் வலையில் நீலப்பொறி பறந்தது, ஒவ்வொன்றாக நின்றன. மறுபடி போட்டார், இழுத்து இழுத்துக் கொஞ்சம் நகர்ந்து நின்றன. பிறகு ஃபியூஸ் போய் மேலே விளக்குகளும் அணைந்தன. மற்றவர்கள் இறங்கி ஓடிவிட, தகட்டின் நடுவில் பட்டுச்சேலையோடு அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். கூட்டம் தாளம் தட்ட ஆரம்பித்தது. தள்ளு, தள்ளு என்று கத்தினார்கள். சட்டை இல்லாமல் அவர் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார், அதில் மனைவி. டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டு வேலியை உடைத்தார்கள். தேங்காய் உடைத்த அதே ஆட்கள்தான்.

தவுக்கே மலாயில் 'ஹாபிஸ்', முடிந்தது, என்று மட்டும் சொன்னார். அத்தானின் வேலை முடிந்துவிட்டது.

ரயில்வேயில் போய் நின்று பார்த்தார், வெளியே அனுப்பினார்கள். கடைசியில் டெங்கில் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆலையில் என்ஜின் பார்க்கும் வேலை கிடைத்தது. லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருப்பு. நான் பிரிக்பீல்ட்ஸில் சிநேகிதர்களோடு அறை எடுத்துக்கொண்டேன். விலாசம் மறுபடியும் நன்றாக இருந்தது. தோட்டத்துக்குப் போன சில மாதங்களில் அக்காவுக்குக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை தங்கவில்லை. தோட்டத்தில் இருந்ததாலா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை வைத்துக்கொண்டு பல வருஷங்கள் தப்பித்திருக்கிறேன்.

அந்தச் செய்தி வந்த பிறகு டெங்கிலுக்குப் போனேன். அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன். அத்தான் என்னை லயத்துக்கு வெளியிலேயே, ஆலை வாசலில் நிறுத்திவிட்டார். எதற்கு வந்தேன் என்று என் முகத்திலேயே தெரிந்திருக்கவேண்டும்.

"சொல்றதுக்கு வந்திருக்கியா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"சொன்னா உனக்கு லேசாயிரும். அவளுக்கு இருக்கிறது நீ ஒருத்தன். பிள்ளையும் போய், நீயும் போனா அவ என்னத்த வச்சிக்கிட்டு இருப்பா? வாய மூடிக்கிட்டு வந்து சாப்பிட்டுட்டுப் போ." பிறகு, "உனக்காகச் சொல்லல. உன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பிடிக்கல," என்றார்.

அதுதான் அவர் என்னிடம் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு ஒரே வீட்டில் உட்கார்ந்து எத்தனையோ தீபாவளிக்குச் சாப்பிட்டிருக்கிறோம். என்னிடம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் அக்காவிடம் சொல்லுவார், அக்கா என்னிடம் சொல்லுவாள். மச்சான் மைத்துனன் கூச்சம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சொல்லாமல் இருந்தது பெருந்தன்மை என்று யாராவது எனக்குக் கணக்கு எழுதினால் அதை அழித்துவிடவேண்டும். அவர் தடுத்தது எனக்கு வசதியாக இருந்தது. தடுக்காவிட்டாலும் வாசல்படியில் நான் வேறு ஏதாவது பேசியிருப்பேன் என்றே நினைக்கிறேன். இப்போது இருவரும் இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது, அதுவும் வசதிதான்.

பூங்காவை விட்டுத் தோட்டத்துக்கு வந்ததை அக்கா மன்னிக்கவில்லை. என்னை அல்ல, அவரை. ஒரு தீபாவளி மதியம் எங்கள் இருவருக்கும் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கோலாலம்பூர் பூங்காவுக்குப் போய் மோதுற கார் ஓட்டிவிட்டு வந்தார்களாம். இப்போதெல்லாம் அவை நிற்பதே இல்லையாம்.

"ஒரு தரையத் தொடச்சு வைக்கத் தெரியல," என்றாள் அவரிடம். "என் தம்பி அவ்வளவு படிச்சவன், பக்கத்துலயே நின்னான். அவங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பான்ல?"

அத்தான் இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "கேக்கல," என்றார். "என் தப்புதான்." பிறகு ரசம் கேட்டார்.

அவள் அவருக்கு ரசம் ஊற்றினாள். எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன்.