கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கார்

கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். ஊசி குத்தினால் வலி தெரியாது என்று என்னைத் தேடி வருகிறவர்கள் உண்டு. கை நடுங்காது, அவ்வளவுதான். அந்தக் கையை வைத்துக்கொண்டு நாற்பத்து மூன்று வயதில் பிளாஸ்டிக் கார் செய்ய ஆரம்பித்தேன். பெட்டிக்குள் உதிரியாக நூற்றுச் சொச்சம் துண்டுகள் வரும். ஒவ்வொன்றையும் வெட்டி, அரம் போட்டு, பசை தடவி ஒட்டினால் ஒரு சாண் நீளத்தில் முழுக் கார் எழுந்து நிற்கும். இஞ்சின் இருக்கும், ஸ்டியரிங் இருக்கும். ஓடாது.

பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "யாருக்கு?" என்றுதான். எனக்கு என்பேன். அதற்குப் பிறகு வாய் பேசாது, கண் பேசும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆறு வருஷம் வைத்தியத்துக்காக மதுரைக்கு அலைந்தோம். ஒரு நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, போதும் என்று நிறுத்திவிட்டோம். அது முடிந்த விஷயம். கார் வேறு விஷயம். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

முதல் இரண்டு கார்களுக்கும் தூரிகையால்தான் வர்ணம் பூசினேன். தெருக்கதவுக்கு அடித்த மாதிரி கோடு கோடாக விழுந்தது. மூன்றாவது, வட்ட விளக்கு வைத்த பழைய இரண்டு கதவுக் கார். அதற்கு ஸ்பிரே அடிப்பது என்று முடிவு செய்தேன். பெட்டியின் மேல் படத்தில் அது சிவப்பாக இருந்தது. எனக்கு அந்த உடம்பின் வளைவைப் பார்த்ததுமே கத்தரிப்பூ நிறம்தான் மனதில் வந்தது. சேலையில் எடுப்போமே, அந்த வெளிறின ஊதா.

மெயின் ரோட்டில் இருக்கும் ஹார்டுவேர் கடைக்குப் போய் ஸ்பிரே பெயிண்ட் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமலே, "எந்த வண்டிக்கும்மா?" என்றார்.

"வண்டிக்கு இல்ல அண்ணாச்சி. பிளாஸ்டிக் கார். சின்னது."

"பொம்மைக்கா? எதை அடிச்சாலும் பிடிக்கும்."

"கத்தரிப்பூ கலர் இருக்கா?"

"கத்தரிப்பூவா? காருன்னா சிவப்பு, வெள்ளை, கருப்பு. சிவப்பு கொண்டு போங்க. பிள்ளைக்குப் பிடிக்கும்."

பிளாஸ்டிக்கை இது ஒன்றும் செய்யாதுதானே என்று இரண்டு தடவை கேட்டேன். "சார்ட்ட குடுத்து அடிக்கச் சொல்லுங்க, அவிய பாத்துக்கிடுவாவ" என்றார். சார் என்றது என் கணவரை. அவர் தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசர். வாழ்நாளில் ஸ்பிரே டப்பாவைத் தொட்டதில்லை.

ஆசைப்பட்டது கத்தரிப்பூ, வாங்கி வந்தது சிவப்பு. அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது. மாடியில் வைத்து, இஞ்சினை மூடும் பானட்டின் மேல் தாராளமாக அடித்தேன். ஒரு நிமிஷம் கண்ணாடி போல மின்னியது. அடுத்த நிமிஷம் சுருங்க ஆரம்பித்தது. காய்ந்ததும் பார்த்தால் வர்ணம் மட்டும் அல்ல, அடியில் பிளாஸ்டிக்கே வெந்து, சித்திரை மாதத்துக் கரிசல் காடு மாதிரி வெடித்துக் கிடந்தது.

மறுநாள் அந்த பானட்டைக் கொண்டுபோய் அண்ணாச்சியின் மேசையில் வைத்தேன்.

"அடிக்கத் தெரியாம அடிச்சிருக்கீங்க" என்றார்.

"உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே வாங்கினேன். பிளாஸ்டிக்குன்னு சொன்னேன்லா?"

"அட, பொம்மைதானம்மா. வேற வாங்கிக் குடுங்க."

"பொம்மையா இருந்தாலும் உருகினது உருகினதுதான். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பானட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தெரு முனை வரைக்கும் காது சுட்டது. ஆனால் நடையைக் குறைக்கவில்லை.

அதன்பிறகு யாரிடமும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். என் தொழிலில் சந்தேகம் வந்தால் யாரையும் கேட்க மாட்டோம், சோதித்துப் பார்ப்போம். பேக்கரியில் ஐஸ்கிரீமுக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் ஸ்பூன்களை ஒரு கட்டு வாங்கினேன். அதுவும் ஏறக்குறைய கார் செய்யும் பிளாஸ்டிக் ரகம்தான். வெவ்வேறு கடைகளில் வெவ்வேறு டப்பாக்கள் வாங்கி, ஸ்பூனுக்கு ஒன்றாக அடித்து, காம்பில் ஒரு சீட்டு ஒட்டினேன். என்ன பெயிண்ட், அடிப்பூச்சாகப் பிரைமர் உண்டா, எத்தனை பூச்சு, காலையா மாலையா. ரத்தம் எடுக்கும் குப்பியில் ஒட்டுகிற அதே சீட்டுதான்.

ஸ்பூன்கள் உண்மையைச் சொல்லின. கார், பைக்கின் தகரத்துக்கு அடிக்கிற பெயிண்ட் வெறும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பிளாஸ்டிக்குக்கு என்றே வரும் பிரைமரை முதலில் பூசி ஒரு நாள் காயவிட்டால் அதே பெயிண்ட் சாதுவாக உட்கார்ந்துகொள்ளும். அப்படியும் ஒரேயடியாக நனைக்கக் கூடாது. ஒரு முழம் தள்ளிப் பிடித்து, பனி விழுந்த மாதிரி ஒரு பூச்சு; காய்ந்ததும் இன்னொன்று. பெரிய வண்டிக்கான வெள்ளி மினுக்குப் பெயிண்ட் இந்தச் சின்ன உடம்பில் சீனியைத் தூவின மாதிரி தெரியும். வெயில் ஏறின பிறகு அடித்தால் பெயிண்ட் வழியிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். ஐப்பசி மழை ஈரத்தில் அடித்தால் வெள்ளை பூக்கும். ஆடிக் காற்றில் அடிக்கவே கூடாது. எங்கள் ஊர்ப் புழுதி எந்த ஜன்னலுக்கும் கட்டுப்படாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி வந்திருந்தாள். என் கணவரின் அக்கா. புதூர்ப் பக்கம் ஆடும் மானாவாரிக் காடுமாக இருக்கிற குடும்பம். வரும்போது கம்பு கொண்டு வருவாள், வாய் நிறையப் பேச்சும் கொண்டு வருவாள். மாடிப்படியில் தெர்மகோல் பலகையில் குத்தி வைத்திருந்த இருபத்தெட்டு ஸ்பூன்களையும் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஏட்டி, ஸ்பூனுக்கு எதுக்குப் பெயிண்டு அடிச்சு வச்சிருக்க?"

"காருக்கு எது சரியா வரும்னு பாக்கேன் மதினி."

சாப்பிட உட்கார்ந்ததும் தம்பியிடம் சொன்னாள். என்னிடம் அல்ல, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி.

"பாவம்லே. மடியில ஒண்ணு இருந்திருந்தா இவ ஏன் பொம்மைக்காரை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கப் போறா? ஏக்கம் இப்படித்தான் ஏதாவது ஒரு வழியில வெளிய வரும்."

என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தேன்.

"மதினி, எனக்குப் பிள்ளை இல்லைன்னு வருத்தம் இருந்துச்சு. அதை அழுது தீத்தாச்சு. நீங்களும் கூட இருந்து பாத்தீங்க. இது அது இல்ல. எனக்குக் கார் செய்யப் பிடிச்சிருக்கு. நாலு பிள்ளை பெத்திருந்தாலும் செஞ்சிருப்பேன். அப்ப, பிள்ளைகளைக் கவனிக்காம பொம்மை செய்யுதாளேன்னு பேசியிருப்பீங்க."

மதினி தட்டை நகர்த்தி வைத்தாள். மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டாள். அன்றைக்கு மூன்று மணி பஸ்ஸுக்கே புறப்பட்டும் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் கணவரிடம் கேட்டேன். "ஒரு வார்த்தை பேசணும்னு தோணலையா?"

"அக்கா மனசுல ஒண்ணும் வச்சுப் பேச மாட்டா."

"எதை வச்சுப் பேசினாலும் குத்தினது எனக்குத்தானே."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இரண்டு நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அந்த இரண்டு நாளில் நான் வெந்துபோன பானட்டைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தேன். சிவப்பு போக, வெடிப்பு போக, பள்ளங்களில் பட்டி வைத்து, காயவைத்து, மறுபடி தேய்த்து. சரியாக வருவதற்குப் பதினைந்து நாள் ஆனது.

கத்தரிப்பூ நிறம் கடைசியில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடையில் கிடைத்தது. பெண்கள் ஓட்டும் ஒரு வண்டியில் அந்த நிறம் வந்துகொண்டிருந்தது. கீறல் மறைக்க அதற்கென்றே ஒரு டப்பா. கடையில் இருந்தவரிடம் மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். வெளியே நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டரைப் பார்த்து, "உங்க வண்டி வேற கலராச்சே" என்றார். "ஆமா, இது வேற வண்டி" என்று வாங்கிக்கொண்டு வந்தேன். இருபத்தொன்பதாவது ஸ்பூனில் அடித்தேன். அதன் மேல் பளபளப்புக்கு அடிக்கும் வார்னிஷில் இரண்டு வகையைப் பக்கத்துப் பக்கத்தில் சோதித்தேன். ஒன்று அந்த நிறத்தை மஞ்சளாக்கிப் பழுப்புக்குத் தள்ளியது. மற்றது அப்படியே விட்டது.

தை மாதம், காற்றில்லாத ஒரு காலை. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த காரின் உடம்பை ஒரு காலி டப்பாவின் மேல் பொருத்தி, பெரிய அட்டைப்பெட்டிக்குள் நிறுத்தினேன். மாடிப்படியெல்லாம் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினேன். கையுறை, முகமூடி, வேலைக்குப் போகிற அதே கோலம். பிரைமர் முந்தின வாரமே முடிந்திருந்தது. முதல் பூச்சில் நிறமே தெரியவில்லை. இரண்டாவதில் லேசாக ஊதா படர்ந்தது. நான்காவதில் நான் நினைத்த நிறம் வந்து நின்றது. அங்கேயே படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதம்.

மாசியில் திருநெல்வேலியில் ஒரு மண்டபத்தில் இந்த மாதிரி மாடல் செய்கிறவர்கள் கண்காட்சி வைத்தார்கள். போட்டியும் உண்டு. போகலாம் என்று சொன்னது கணவர். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்ததும் அவர்தான். வாசலில் பேர் எழுதிக்கொண்டிருந்த ஆள் அவரைப் பார்த்து, "நீங்க செஞ்சதா சார்?" என்றார்.

"இல்ல. இவிய செஞ்சது" என்றார் என் கணவர்.

என்னை அவர் நாலு பேர் முன்னால் 'இவிய' என்று மரியாதை வைத்துச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்திருப்பேன்.

அந்த ஆள் என் பெயரை ஒரு தாளில் எழுதினார். தலைப்பைப் படித்தேன். மகளிர் மற்றும் சிறுவர் பிரிவு.

"இதுல ஏன் எழுதுதீங்க?"

"லேடீஸுக்கு இதுதான் மேடம். இதுல பரிசு கிடைக்க சான்ஸ் ஜாஸ்தி."

"பொதுப் பிரிவுல எழுதுங்க."

"அங்க ரொம்ப வருஷமா செய்யுதவங்க எல்லாம் இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்க காருக்குப் பக்கத்துல என் காரை வைங்க."

அவர் தயங்கினார். நானே பேனாவை வாங்கி அந்த வரியை அடித்து, பக்கத்துத் தாளில் எழுதினேன். பின்னால் வரிசையில் நின்ற ஒரு கல்லூரிப் பெண், "அக்கா, என் பேரையும் அங்க எழுதிருங்க" என்றாள். எழுதினேன்.

பரிசு கிடைக்கவில்லை. நடுவர்களில் ஒருவர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். கூரையில் ஒரு தூசு இருக்கிறது என்றார். இருந்தது. வார்னிஷ் அடித்த அன்று விழுந்தது, எனக்கும் தெரியும். பிறகு, "இந்தக் கார் இந்த நிறத்துல வந்ததே இல்லையே" என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் அடிச்சீங்க?"

"எனக்குப் பிடிச்ச நிறம் சார்."

அதைக் குறை என்று எழுதிக்கொண்டு போனார். எழுதட்டும். சாயங்காலம் பொதுப் பிரிவில் முதல் பரிசு வாங்கினவர் என் மேசைக்கு வந்து, பெயிண்ட் பிளாஸ்டிக்கைத் தின்னாமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். பிரைமரின் விவரத்தைச் சொன்னேன். ஸ்பூன் சோதனையைச் சொன்னேன். அவர் கைபேசியில் குறித்துக்கொண்டார். என் கணவர் பக்கத்தில் காலிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே தெரிந்தவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பங்குனியில் மதினி மறுபடி வந்தாள். கார் இப்போது வரவேற்பறையில் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் இருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்தாள். "எடுத்துப் பாக்கலாமாட்டி?" என்றாள்.

"அடியில பிடிச்சு எடுங்க மதினி. மேல பிடிச்சா ரேகை விழும்."

அவள் சேலைத் தலைப்பில் இரண்டு கையையும் துடைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள்.