பெருச்சாளிக்கு ஒரு வரிசை

எங்கள் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருந்தது. வீட்டில் அவள் பெருச்சாளிதான். காரணம் இல்லாமல் இல்லை. விதை போட்ட மறுநாளே மண்ணைத் தோண்டி, அது உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவாள்.

வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம். அப்பா வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்ணைக் கொத்துவார். அம்மா அவரைக்காய் விதை ஊன்றுவாள். தண்ணீர் என் பொறுப்பு. பாதி செடிக்கு, மீதி என் கால்சட்டைக்கு. அக்காவை நம்பி ஒரு வேலையும் தரவில்லை. அவள் தானாகவே ஒன்றைத் தேடிக்கொண்டாள்.

ஒரு வருடம் அவரை வரிசை பொக்கை வாய் போல முளைத்தது. அப்பா குதி குதியென்று குதித்தார். "ஏய் பெருச்சாளி! உன்னால இந்த வீட்டுல ஒரு விதை உருப்படுமா?" கையை ஓங்கியவரை அம்மா தடுத்தாள். பிறகு அக்காவின் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டாள்: "தோண்டினியே, உள்ள என்னடி இருந்துச்சு?"

"வேர்தாம்மா முதல்ல வருது, இலை இல்ல. விதையைத் தலைகீழா வச்சாக்கூட வேர் வளைஞ்சு கீழதான் போகுது."

"அட, நெஜமாவா?" இத்தனை வருடமாக விதை போடுகிற அம்மாவுக்கு அது தெரியாதாம்! அன்றைக்கே மதிலோரமாகத் தனியாக ஒரு வரிசை ஊன்றிக் கொடுத்தாள். "இது நீ தோண்டுறதுக்கு. மத்ததுல கை வச்சே, தொலைச்சுடுவேன்."

அக்கா தன் வரிசையை ஆசை தீரத் தோண்டினாள். பார்த்து முடித்துத் திரும்பப் புதைத்ததில் முக்கால்வாசி பிழைக்கவில்லை. அம்மாவின் வரிசை கொடியேறிப் பூத்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபடி அக்கா மதிலோரம் நின்றது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எதைத் திறக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குப் பாடம் எடுக்கவில்லை.

இன்று அக்கா தன் வீட்டு முன்னறையில் மிக்ஸி, ஃபேன், வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறாள். மூடியிருக்கிற எதையும் கழற்றிப் பார்க்காமல் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. நன்றாக ஓடுகிற கடிகாரத்தைக்கூட விடமாட்டாள். என் வீட்டுக்கு அவள் வருகிறாள் என்றால் ஸ்க்ரூ டிரைவரை ஒளித்து வைத்துவிடுவேன்.

அப்படிப்பட்டவளின் ஒரே மகள், போன மாதம் காலேஜ் ஹாஸ்டலில் இருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினாள். பரீட்சை நடக்கிற சமயம். நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வருவாள், போவாள், வாயே திறக்கவில்லை. பிள்ளைக்கு என்ன ஆனதோ என்று நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்காவோ கதவைத் தட்டக்கூட இல்லை.

"என்னக்கா, கல்லு மாதிரி உக்காந்திருக்க? யார் வீட்டு மிக்ஸி சத்தம் போட்டாலும் ஓடுவ. உள்ள போய்க் கேளேன்!"

"எனக்கு மட்டும் தெரிஞ்சுக்க ஆசையில்லையாடா?" மோட்டாருக்குச் சுற்றிய செம்புக் கம்பியை அவிழ்த்து, திரும்பவும் முதலிலிருந்து சுற்றினாள். "இப்பக் கேட்டா, பயத்துல வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிடுவா. அப்புறம் அதையே காப்பாத்திக்கிட்டுத் திரிவா. நீயும் பேசாம இரு."

பேசாமல் இருப்பதா, நானா! பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோதுதான் கதவு திறந்தது. அக்கா மகள் வந்து, கழற்றிப் போட்டிருந்த ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

"ஏம்மா, என்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டியா?"

"நீ சொல்லும்போது கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

"எனக்குக் கணக்கு வரலம்மா. போன வருஷமே ஃபெயில்தான், பாஸ்னு பொய் சொன்னேன். இந்தத் தடவை பரீட்சை ஹாலுக்குள்ளயே போகல. வாசல்ல நின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இதையா இத்தனை நாளாத் தனியாச் சுமந்துக்கிட்டு இருந்த?" என்று மகளின் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"திட்டும்மா."

"திட்டுறேன், திட்டாம எங்க போகப்போறேன்? அது கிடக்கட்டும். கணக்கு எந்த இடத்துல புரியாமப் போச்சு? முதல்ல இருந்து காட்டு, நானும் பாக்கணும்."

அந்தப் பெண் நம்பாமல் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். சும்மா ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தையில்லை என்று தெரிந்ததும், மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.