நாலாம் மாடிச் சுருவம்

ஜேர்மனியின் ஹம் நகர முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மன்னார் டொறத்தி அக்கா, தொண்ணூற்றுமூன்றில் ஆபிரிக்காவின் தோகோ நாட்டு லாரேயைக் கலியாணம் கட்டினார். எங்கள் ஆட்கள் மூன்று மாதம் அதைக் கதைத்தார்கள். பிறகு அலுத்துவிட்டது. அலுக்காமல் கிடந்தது ஒன்றுதான்: அவர்களுடைய வாசல் விறாந்தைத் தட்டில் நின்ற மர உருவம்.

முழங்கை நீளம். தலை ஓர் உருண்டை, கைகள் இரண்டு கோடு, முகம் கிடையாது. அது லாரேயின் பூட்டன். குறிகாரர் சொன்னால்தான் அவர்கள் ஊரில் அப்படி ஒன்றைச் செய்யலாம். செதுக்குபவரும் குறிகாரர் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். நோயோ பயணமோ பிள்ளைப்பேறோ, முதலில் பூட்டனுக்குச் சொல்லித் தினைக் கள் ஊற்றுவார்கள். ஹம்மில் தினைக் கள் ஏது. டொறத்தி அக்கா பியர் ஊற்றினார்.

ஒக்டோபரில் மாதா சுருவம் எங்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போகும். வீட்டுக்கு ஒரு நாள், செபமாலை, பிறகு அடுத்த வீடு. பட்டியலில் தன் பெயர் இல்லாததை அக்கா இரண்டு வருடம் பொறுத்தார். தொண்ணூற்றாறில் செபக்குழுத் தலைவர் அலோசியஸ் அண்ணையிடம் நேரே போய் நின்று ஒரு ஞாயிறு வாங்கினார். அதற்காக இரண்டு பேருடன் வேலை நேரம் மாற்றினார்.

அலோசியஸ் அண்ணை மாதாவை அணைத்தபடி நாலு மாடி ஏறி வந்தார். பின்னால் அவர் மனைவி றோசம்மாவும் நாங்கள் ஏழெட்டுப் பேரும். மரத்தைக் கண்டதும் அண்ணை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உது என்ன பிள்ளை?"

"இவற்ற பூட்டன்ர சுருவம், அண்ணை."

அந்தச் சொல்தான். சுருவம் என்றால் எங்களுக்குப் புனிதர். மற்றதெல்லாம் சிலை, பொம்மை, அலங்காரம்.

அண்ணை கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தினார். "பொம்மை எண்டு சொல்லு. ஒரு சொல்லுத்தானே. மாதா உள்ளுக்கு வருவா, அலுவல் முடிஞ்சுது."

"உங்கட அப்பான்ர படத்தைக் கடதாசி எண்டு சொல்லுவியளோ?"

"அதுக்கு முகம் இருக்கு."

"இவர் முகமில்லாமலே நான் சொல்லுறதைக் கேக்கிறார். முகம் இருக்கிற ஆக்கள் என்னத்தைக் கேட்டவை?"

றோசம்மா சிரிப்பை இருமலாக்கினார். லாரேக்குத் தமிழ் விளங்காது. பேச்சு எதைப் பற்றியது என்பது விளங்கியது. மரத்தை எடுத்து உள்ளறையில் வைக்கக் கை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

"அப்ப மாதா வர ஏலாது, டொறத்தி."

"கொண்டு போங்கோ அண்ணை. படி கவனம்."

அண்ணை மாதாவோடு இறங்கினார். மாதாவுக்கென்று துணி விரித்திருந்த வெறும் மேசைக்கு முன்னால் அக்கா முழந்தாளிட்டார்.

"மாதா இல்லாமலோ?" என்றாள் ஒருத்தி.

"படியிலதானே நிக்கிறா. கேக்கும்."

முதலில் முழந்தாளிட்டது றோசம்மா. அண்ணையின் கார்த் திறப்பு றோசம்மாவின் கைப்பையில் இருந்தது. இரண்டாம் மாடியில் காலடி நின்றதை எல்லாரும் கேட்டோம். அக்கா கதவைச் சாத்தவுமில்லை, உள்ளே வாருங்கோ என்று சொல்லவுமில்லை. செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் இரண்டு மாடி கீழே கேட்கும் குரலில் சொல்லி முடித்தார்.